உங்களுக்குத் தெரியுமா? – அப்டேட் போட்ட மறுநாள்

காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். மும்பையில் இருக்கிற சர்வர் தெரியாது. ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்தபடி அந்தச் சர்வரை மேய்க்கிற பிழைப்பு இப்போது நடக்கத்தான் செய்கிறது. அந்தப் பிழைப்பில் அதிகம் காதில் விழுகிற புகார் ஒன்றுதான்: “நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க. அப்டேட் போட்டீங்க, இன்னிக்கு நகரவே மாட்டேங்குது.” இந்த முறை துணுக்குகள் எல்லாம் அந்தப் புகாரைச் சுற்றித்தான்.

◆ ஒரு பக்கம் மிகச் சரியாக 5 விநாடி கழித்துத் திறக்கிறதா? வெப் சர்வரை நோண்டாதீர்கள், டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். பெயரைச் சொல்லி முகவரி கேட்கும்போது, பட்டியலில் முதலில் இருக்கிற டிஎன்எஸ் சர்வர் வாய் திறக்காவிட்டால், லினக்ஸ் 5 விநாடி பொறுத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்கும். அப்டேட் முடிந்து ரீபூட் ஆகும்போது அந்தப் பட்டியல் புதிதாக எழுதப்பட்டு, என்றைக்கோ செத்துப்போன ஒரு டிஎன்எஸ் முதல் வரிக்கு வந்து உட்கார்ந்திருக்கும். வேலைப் பளுவால் வருகிற தாமதம் ஒருமுறை 3.2, மறுமுறை 6.7 என்று ஆடும். 5.0, 5.0, 5.0 என்று அசையாமல் வந்தால் எங்கோ ஒரு நிரல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறது என்று பொருள்.

◆ 1, 3, 7 என்று விநாடிகள் வந்தால் நோய் வேறு. இணைப்புக் கேட்டு அனுப்பிய முதல் பொட்டலத்துக்குப் பதில் வராவிட்டால் 1 விநாடி கழித்து மறுபடி அனுப்ப வேண்டும். அப்புறம் 2 விநாடி, அப்புறம் 4. கூட்டிப் பாருங்கள்: 1, 3, 7. சர்வர் வாசலில் வரிசை நிரம்பி, வந்தவர்களை அது சத்தமில்லாமல் திருப்பி அனுப்புகிறது. 2011 ஜூனில் விதி மாறுவதற்கு முன்பு முதல் காத்திருப்பே 3 விநாடியாக இருந்தது.

◆ 40 மில்லிவிநாடிக்கும் ஒரு கதை உண்டு. ஃபோர்டு ஏரோஸ்பேஸில் வேலை பார்த்த ஜான் நேகிள் 1984-ல் ஒரு யோசனை சொன்னார்: சில்லறை சில்லறையாக அனுப்பாதே, முந்தையது சேர்ந்ததாகத் தகவல் வரும்வரை சேர்த்து வை. மறுமுனையில் வேறு யாரோ போட்ட விதி: சேர்ந்தது என்ற தகவலை உடனே அனுப்பாதே, கொஞ்சம் பொறு. இரண்டும் நல்ல யோசனைகள்தான். சேர்ந்தால் “நீங்க முதல்ல போங்க”, “இல்லைங்க, நீங்க போங்க” என்று வாசற்படியில் நிற்கிற இரண்டு சம்பந்திகள்! லினக்ஸில் அந்த உபசாரம் 40 மில்லிவிநாடி நீடிக்கும்.

◆ சர்வர் சும்மா இருக்கிறது, பக்கம் மட்டும் நகரவில்லை. இப்படி ஒரு நிலை வருமா? வரும். நானே பட்டது.

மலையிலிருந்து இறங்குகிற மிளகும் சாமையும் தேனும் விற்கிற ஒரு சின்ன இணையக் கடை. பெயர் வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு ஏற்றினேன். ஞாயிறு காலை கடைக்காரர் கூப்பிட்டுவிட்டார். பார்த்தால் பிராசஸர் 4 சதவீதம்கூட ஓடவில்லை, மெமரி பாதிக்கு மேல் காலி. பக்கம் மட்டும் 20 விநாடி. பக்கங்களைத் தயாரிக்கிற பிஎச்பி எத்தனை பேரை ஒரே நேரத்தில் கவனிக்கலாம் என்ற அமைப்பைத் திறந்தேன். 40 என்று இருந்தது, நான் போன வருஷம் எழுதிய 40. சரிதானே என்று மூடிவிட்டேன். அரை மணி நேரம் வேறு எங்கெங்கோ தேடிவிட்டு மறுபடி அதே கோப்பைத் திறந்தபோதுதான் ஃபோல்டரின் பெயர் கண்ணில் பட்டது: 8.1.

உபுண்டு 22.04-ல் இருந்தது பிஎச்பி 8.1. 24.04-ல் வருவது 8.3. ஒவ்வொரு பதிப்புக்கும் தனி ஃபோல்டர், தனி அமைப்பு. நான் ஆசையாகத் திருத்திய கோப்பு ஆளில்லாத வீட்டில் அப்படியே இருந்தது. புது வீட்டில் கம்பெனிக் கணக்குப்படி 5. ஐந்து இலை போட்ட பந்தி. ஆறாவது ஆள் வந்தால் எழுந்திருக்கிறவருக்காக நிற்க வேண்டியதுதான். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ‘5 என்ற எல்லையைத் தொட்டுவிட்டேன், கூட்டிக் கொடுக்கப் பாருங்கள்’ என்கிற பொருளில் அந்த மென்பொருளே காலையிலிருந்து லாகில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

◆ ரெட் ஹேட் வகை லினக்ஸில் நீங்கள் திருத்திய அமைப்புக் கோப்பை அப்டேட் பெரும்பாலும் தொடாது. புதியதைப் பக்கத்தில் ‘ஆர்பிஎம்நியூ’ என்ற வாலோடு வைத்துவிட்டுப் போய்விடும். டெபியன் வகையில் ‘எதை வைத்துக்கொள்ளட்டும்?’ என்று கேட்கும். ராத்திரி 1 மணிக்குக் கேட்டால் யாராக இருந்தாலும் என்டர் தட்டத்தான் செய்வார்கள்.

◆ ஒரு சர்வர் நிரல் ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளையும் இணைப்புகளையும் திறந்து வைத்திருக்கலாம் என்பதற்கு வழக்கமான எல்லை 1,024. அதைக் கூட்ட ஒரு காலத்தில் எல்லாரும் ‘லிமிட்ஸ்’ கோப்பில்தான் எழுதினோம். ரெட் ஹேட் 7 (2014), டெபியன் 8 (2015) ஆகியவற்றோடு சிஸ்டம்டி வந்தது. அது தொடங்கி வைக்கிற சர்வீஸ்கள் அந்தக் கோப்பைச் சட்டையே செய்யாது. எழுதியது இருக்கும், நடக்காது. அந்தந்த சர்வீஸின் கோப்பில் தனியாக எழுத வேண்டும்.

◆ தோசைக்கல் காய்வதற்குள் முதல் தோசை வராது. ரீபூட் ஆன சர்வரும் அப்படித்தான். நேற்றுவரை அடிக்கடி கேட்கப்பட்ட கோப்புகள் எல்லாம் மெமரியிலேயே தயாராக இருந்தன. ரீபூட் ஆனதும் எல்லாம் டிஸ்க்கிலிருந்து மறுபடி ஏற வேண்டும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் இதற்காக ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது: 5.7 பதிப்பிலிருந்து, நிறுத்தும்போது சூடாக இருந்த பக்கங்களில் 25 சதவீதத்தின் முகவரிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, எழுந்ததும் அவற்றைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே ரீபூட் முடிந்த கால் மணி நேரத்துக்குள் ‘அப்டேட்டால் கெட்டுப்போச்சு’ என்று பழைய பதிப்புக்குத் திரும்பாதீர்கள். திரும்பினாலும் இன்னொரு ரீபூட்; கல் மறுபடி ஆறிவிடும்.

◆ வேகத்துக்காக வைத்த கேஷே வேகத்தைக் கெடுத்ததால் தூக்கி எறியப்பட்டது தெரியுமா? மைஎஸ்கியூஎல்லில் ‘குவெரி கேஷ்’ என்று ஒன்று இருந்தது. ஒரே கேள்வி மறுபடி வந்தால் பழைய பதிலையே எடுத்துக் கொடுக்கும். ஒரு அட்டவணையில் ஒரு வரி மாறினால்கூட அந்த அட்டவணை சம்பந்தப்பட்ட பதில்கள் அத்தனையும் குப்பை. அதைவிட மோசம், மொத்தக் கேஷுக்கும் பூட்டு ஒன்றே. பல கோர்கள் உள்ள இன்றைய சர்வர்களில் எல்லாரும் அந்த ஒரு பூட்டுக்காக வரிசையில் நின்றார்கள். 2018 ஏப்ரலில் வந்த 8.0 பதிப்பில் அது இல்லை. 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்ததும் பல சின்னத் தளங்கள் வேறு வழியின்றி 8-க்கு ஏறின. அதிகம் மாறாத தளங்கள், அந்தக் கேஷை நம்பியே ஓடியவை, நொண்ட ஆரம்பித்தன. பழைய அமைப்புக் கோப்பில் அந்தக் கேஷின் அளவை எழுதிய வரி மிச்சமிருந்தால் மைஎஸ்கியூஎல் 8 கிளம்பவே கிளம்பாது.

◆ ‘காளப்பநாயக்கன்பட்டி’ என்பதில் எத்தனை எழுத்து? தமிழாசிரியரைக் கேட்டால் 12. யூனிகோடைக் கேட்டால் 19, ஏனென்றால் புள்ளியையும் கால், விசிறியையும் அது தனித்தனியாக எண்ணும். சர்வரைக் கேட்டால் 57 பைட். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். அதையே ஒரு வலைமுகவரியில் போட்டால், ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு இலக்கமுமாக விரிந்து 171 எழுத்துகள்! எங்கள் ஊர்ப் பெயர் நீளம் என்று கிண்டல் செய்கிறவர்களுக்கு அது எவ்வளவு நீளம் என்று இன்னும் தெரியாது.

இது சும்மா வேடிக்கை இல்லை. பழைய மைஎஸ்கியூஎல் புது அட்டவணைகளை ‘லத்தீன்1’ என்ற மேலைநாட்டு எழுத்து முறையில்தான் உருவாக்கும். நம்மவர்கள் அதிலேயே தமிழையும் திணித்து வைத்தார்கள். 8.0-லிருந்து புது அட்டவணைகள் யூடிஎஃப்-8 முறையில் பிறக்கின்றன. அப்டேட்டுக்குப் பின் உருவான அட்டவணையையும் அதற்கு முந்தையதையும் சேர்த்து ஒரு கேள்வி கேட்டால், பழைய அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் எழுத்து மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். அதன் இன்டெக்ஸ் அங்கே உதவாது. நூறு வரி இருக்கும்போது தெரியாது. லட்சம் வரி ஆனால் பக்கம் நின்றுவிடும்.

◆ புதிதாக மாற்றலாகி வந்த வி.ஏ.ஓ.விடம் ஒரு சர்வே எண்ணைச் சொல்லுங்கள். பழையவர் நேராக வயலுக்கே போய்விடுவார். புதியவர் ஊர் முழுக்க நடப்பார். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸைப் பெரிய பதிப்புக்கு ஏற்றும்போது பல வருஷங்களாக நடந்தது இதுதான். தகவல்கள் எல்லாம் பத்திரமாக வந்துவிடும். எந்த அட்டவணையில் எவ்வளவு இருக்கிறது, எது அரிது, எது மலிவு என்ற புள்ளிவிவரம் மட்டும் வராது. அது இல்லாமல் டேட்டாபேஸ் தப்பான வழியைத் தேர்ந்தெடுத்து அட்டவணை முழுக்க மேயும். ‘அனலைஸ்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்தது. 2025 செப்டம்பரில் வந்த 18-ம் பதிப்பு முதல் அந்தப் புள்ளிவிவரத்தில் பெரும்பகுதி கூடவே வருகிறது.

◆ இதைவிட நுட்பமான கோளாறு ஒன்று. 2018 ஆகஸ்டில் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு வந்தது. சொற்களை வரிசைப்படுத்தும் விதிகளை அதில் சர்வதேசத் தரத்துக்கு மாற்றினார்கள். நல்ல காரியம். ஆனால் போஸ்ட்கிரஸின் இன்டெக்ஸ்கள் பழைய வரிசைப்படி அடுக்கப்பட்டு டிஸ்க்கில் இருந்தன. அகராதியை ஒரு வரிசையில் அச்சிட்டுவிட்டு வேறு வரிசையில் புரட்டினால் என்ன ஆகும்? சொல் இருக்கும், கிடைக்காது. இல்லை என்று நினைத்து மறுபடி சேர்ப்பார்கள். ஒரே பெயர் இரண்டு தடவை ஏறும். டேட்டாபேஸை யாரும் தொடவில்லை, அடியில் இருக்கிற ஓஎஸ்ஸைத்தான் ஏற்றினார்கள். டெபியன் 9-லிருந்து 10, ரெட் ஹேட் 7-லிருந்து 8 போனவர்கள் இன்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

◆ தினமும் பகல் 11:55-க்கு சர்வர் திணறுகிறதா? டெபியன் குடும்பத்து லினக்ஸில் அன்றாடப் பராமரிப்பு வேலைகள் காலை 6:25-க்குத் தொடங்கும்படி அமைத்திருப்பது பல காலமாக வழக்கம். ஊர் விழிக்கும் முன்பே முடிந்துவிடட்டும் என்ற நல்லெண்ணம். ஆனால் வாடகை சர்வர்கள் பெரும்பாலும் சர்வதேச நேரத்தில்தான் வரும். அந்த 6:25-ஓடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள்: நமக்குப் பகல் 11:55. கடையில் கூட்டம் நெரிகிற நேரம். டிஸ்க்குகளை இரட்டையாகக் கட்டி வைத்திருந்தால் மாதத்தின் முதல் ஞாயிறு 0:57-க்கு அவற்றை முழுக்கச் சரிபார்க்கும் வேலையும் உண்டு; அது நம் காலை 6:27. புது சர்வருக்கு மாறிய மறுநாள் ‘புது சர்வர் மோசம்’ என்று சொல்லும் முன் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

◆ அப்டேட் போட்டதும் உலகம் பூராவும் சர்வர்கள் ஒரே நேரத்தில் மெதுவான மாதம் எது? 2018 ஜனவரி. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு ஓட்டைகள் பிராசஸர்களிலேயே இருப்பதாக 3-ம் தேதி அறிவித்தார்கள். சிப்பை மாற்ற முடியாது. ஓஎஸ்ஸில் சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. அதுவரை நிரலும் ஓஎஸ்ஸின் மையமான கெர்னலும் ஒரே வீட்டில் கூடமும் அடுப்படியும் போல இருந்தன. இப்போது நடுவே கதவு, பூட்டு. ஒவ்வொரு முறையும் திறந்து, போய், பூட்டிவிட்டு வர வேண்டும்.

உட்கார்ந்து கணக்குப் போடுகிற நிரலுக்கு இதனால் ஒன்றுமில்லை. அது அடுப்படிக்கே போவதில்லை. வெப் சர்வரும் டேட்டாபேஸும் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை போய் வருகிறவை. ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற போஸ்ட்கிரஸ் நிரலாளர் மிக எளிய ஒரு கேள்வியை வைத்தே அளந்து, 17 முதல் 23 சதவீதம் வரை வேகம் குறைவதாகச் சொன்னார். ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ், பேட்ச் போட்ட நிமிஷத்தில் தங்கள் சர்வர் ஒன்றின் பளு செங்குத்தாக ஏறிய வரைபடத்தையே வெளியிட்டது. பிராசஸருக்குள்ளேயே ஏற்றும்படி இன்டெல் கொடுத்த மைக்ரோகோடோ இயந்திரங்களைத் தானாக ரீபூட் ஆக்கவே, அதைப் போடுவதை நிறுத்தச் சொல்லி அந்த மாதம் 22-ம் தேதி இன்டெலே கேட்டுக்கொண்டது. இந்தக் கதவுகளை எல்லாம் ஒரே சொல்லில் கழற்றிவிட 2019-ல் வந்த லினக்ஸ் 5.2-ல் வழி வைத்தார்கள். சர்வர் முழுக்க உங்களுடையது, அதில் ஓடுவதெல்லாம் நீங்கள் எழுதியது என்றால் யோசிக்கலாம். வாடகை வீட்டில் கதவைக் கழற்றாதீர்கள்.

◆ அதே ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட். ஆறு வருஷம் கழித்து, 2024 மார்ச். டெபியனின் சோதனைப் பதிப்பில் போஸ்ட்கிரஸின் வேகத்தை நுணுக்கமாக அளக்க உட்கார்ந்தார். அப்படி அளக்கும்போது இயந்திரத்தில் வேறு எந்தச் சலசலப்பும் இருக்கக் கூடாது. ஆனால் எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு நிரல் பிராசஸரைத் தின்றுகொண்டிருந்தது. யாரும் உள்ளே வரவில்லை. ஏதேதோ பெயர்களில் கதவைத் தட்டிப் பார்க்கிற இணையப் போக்கிரிகளை விரட்டுவதற்குத்தான் இவ்வளவு பிரயாசை. சரி, நுழைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். முன்பு 0.299 விநாடி ஆனது இப்போது 0.807.

அரை விநாடி. நீங்களும் நானும் டீயை ஒரு வாய் உறிஞ்சியிருப்போம். அவர் விடவில்லை. நிரலின் உள்ளே இறங்கி எங்கே அந்த நேரம் போகிறது என்று தேடினார். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நூலகத்தில் போய் முடிந்தது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக் கதவு ஒன்றைப் புதைத்திருந்தார்கள். சரியான சாவி வைத்திருப்பவர் அந்த சர்வரில் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம். ‘ஜியா டான்’ என்ற பெயரில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து, அந்த நூலகத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவரின் நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பில் பங்கு வாங்கிச் செய்த வேலை. மார்ச் 29-ம் தேதி ஃப்ராயண்ட் விஷயத்தை வெளியே சொன்னார். டெபியன், ஃபெடோரா போன்றவற்றின் சோதனைப் பதிப்புகளை அது பெரும்பாலும் தாண்டவில்லை. சில மாதங்கள் போயிருந்தால் உலகின் சர்வர்களில் பெரும்பகுதிக்கு அப்டேட்டாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

கள்ளக் கதவு வைத்தவர்கள் எல்லாவற்றையும் மறைத்தார்கள், நேரத்தை மறைக்கத் தெரியவில்லை. அப்டேட்டுக்குப் பிறகு ‘கொஞ்சம் மெதுவாகிவிட்டது, பரவாயில்லை’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த 0.807 ஞாபகத்துக்கு வரும்.

◆ ஒரு விநாடியைக் கூட்டியதால் சர்வர்கள் திணறிய கதையும் உண்டு. பூமியின் சுழற்சியோடு கடிகாரம் ஒத்துப்போகட்டும் என்று 2012 ஜூன் 30 நள்ளிரவில் ஒரு லீப் விநாடி சேர்த்தார்கள். நமக்கு அது ஜூலை 1, ஞாயிறு காலை 5:30. கெர்னலின் ஒரு பகுதிக்கு விஷயம் தெரிந்தது, இன்னொரு பகுதிக்குத் தெரியவில்லை. ‘கொஞ்சம் தூங்கு’ என்று சொல்லப்பட்ட நிரல்கள், தூங்க வேண்டிய நேரம் முடிந்துவிட்டது என்று உடனே எழுந்து எழுந்து படுத்தன. ஜாவாவும் மைஎஸ்கியூஎல்லும் பிராசஸரை 100 சதவீதம் ஓட்டின. ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனத்தில் மின்செலவு ஒரு மெகாவாட் கூடியது. தீர்வு? இப்போது என்ன நேரமோ அதே நேரத்தைக் கையால் ஒருமுறை அமைத்தால் போதும். கடிகாரத்தை 5:40-லிருந்து 5:40-க்கு மாற்றுவது! 2035-க்குள் இந்த லீப் விநாடி வழக்கத்தையே கைவிட உலக அளவியல் மாநாடு 2022 நவம்பரில் முடிவெடுத்தது.

◆ டிஸ்க் வேகமானதால் கணினி கிளம்பாமல் போகுமா? போனது. 2019-ல் கெர்னலில் ஒரு மாற்றம் டிஸ்க்கைப் படிக்கும் தடவைகளைக் குறைத்தது. கணினி தனக்கு வேண்டிய தற்செயல் எண்களை இப்படிப்பட்ட சலசலப்புகளிலிருந்துதான் திரட்டுகிறது. சலசலப்பு குறைந்தது, எண்கள் சேரவில்லை, அவற்றுக்காகக் காத்திருந்த நிரல் அப்படியே நின்றது. கீபோர்டில் எதையாவது தட்டினால் நகரும். லினக்ஸ் 5.3 வெளியான செப்டம்பர் 15 அன்றே லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நல்ல மாற்றத்தைத் திரும்பப் பெற்றார். ஒழுங்கு கூடிப்போனாலும் ஆபத்து, கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி கொஞ்சம் இரைச்சல் இருக்க வேண்டும்.

◆ அப்டேட் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே மணிக்கணக்கில் ஓடியது விண்டோஸ் எக்ஸ்பி. இந்த அப்டேட்டுக்குப் பதில் அது, அதற்குப் பதில் வேறொன்று என்று வருஷக்கணக்கில் சங்கிலி நீண்டுவிட்டது. சங்கிலியில் ஒரு கண்ணி கூடினால் வேலை இரட்டிப்பாகும்படி நிரல் எழுதியிருந்தார்கள். 2013 கடைசியில் பழைய கணினிகள் அந்தக் கணக்கிலேயே மூழ்கிக் கிடந்தன. 2014 ஏப்ரல் 8-ல் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது. நம் ஏடிஎம்களில் இருந்த எக்ஸ்பியைப் படிப்படியாக மாற்ற ரிசர்வ் வங்கி கெடு வைத்ததோ 2018 ஜூனில்.

◆ நம் நாட்டில் மொத்தமாக மாற்றிப் பார்த்த பெரிய கதை வருமான வரித் தளம். 2021 ஜூன் 7 இரவு புதிய தளம் வந்தது. கணக்கைப் பரிசீலிக்கும் காலத்தை 63 நாளிலிருந்து ஒரே நாளாக்குவது நோக்கம். மறுநாளே குறைகள் குவிந்து, மதுரையில் பிறந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், தளத்தைக் கட்டிய இன்ஃபோசிஸையும் அதன் தலைவர் நந்தன் நிலேகணியையும் ட்விட்டரில் பெயர் சொல்லிக் கேட்டார். ஆகஸ்ட் 21-லிருந்து மறுநாள் வரை தளம் திறக்கவே இல்லை. 23-ம் தேதி இன்ஃபோசிஸ் தலைமைச் செயல் அதிகாரி சலீல் பரேக் நிதியமைச்சகத்துக்கு அழைக்கப்பட்டார். செப்டம்பர் 15-க்குள் சரிசெய்யக் கெடு. தாக்கல் செய்யும் கடைசி நாள் டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது. நாமக்கல்லில் லாரிக்காரர்களுக்குக் கணக்கு முடிக்கிற ஆடிட்டர்களுக்கு அந்த வருஷம் கொஞ்சம் அதிகப்படியாகவே நீண்டிருக்கும்.

ரயில்வேயின் ஐஆர்சிடிசி இதில் சாமர்த்தியம். தினமும் இரவு 11:45 முதல் 12:20 வரை கடையைச் சாத்திவிட்டுத்தான் பராமரிப்பு. சாத்தியிருக்கிற கடையை மெதுவான கடை என்று யாரும் திட்டுவதில்லை.

◆ டிஸ்க்கைப் பார்த்துக் கத்தினால் சர்வர் மெதுவாகும். 2008 கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் பிரெண்டன் கிரெக் டிஸ்க் அடுக்கின் முன் நின்று கத்த, திரையில் தாமதக் கோடு எகிறுவதை வீடியோவாகவே காட்டினார்கள். 2016-ல் புக்காரெஸ்ட்டில் ஐஎன்ஜி வங்கியின் மையத்தில் தீயணைப்பு வாயு சீறிய சத்தத்திலேயே ஏராளமான டிஸ்க்குகள் கெட்டன. கோயில் திருவிழா நாளில் பறைச் சத்தத்துக்குப் பக்கத்தில் அலுவலக சர்வரை வைக்காதீர்கள்.

◆ காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே கிளம்பும்போது டெம்போவின் மேல் கட்டியிருந்த தார்ப்பாய், கீழே வந்து பார்த்தால் இல்லை. எந்த வளைவில் பறந்தது? ஒவ்வொரு வளைவாகக் கேட்டுக்கொண்டு ஏற வேண்டாம். நேராக 35-ம் வளைவுக்குப் போய் அங்கே இளநீர் விற்கிறவரைக் கேளுங்கள்: “வண்டி போனப்ப தார்ப்பாய் இருந்துச்சுங்களா?” இருந்தது என்றால் அதற்குக் கீழே, இல்லை என்றால் மேலே. மிச்சத்தில் பாதி, அதில் பாதி. அதிகம் போனால் 7 கேள்வி.

‘நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை’ என்ற கோளாறுக்கு லினக்ஸ்காரர்கள் செய்வதும் இதுதான். ‘பைசெக்ட்’ என்று பெயர். கெர்னலின் ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 10,000 மாற்றங்களுக்கு மேல் இருப்பது சாதாரணம். நடுவில் இருப்பதைப் போட்டு ஓட்டிப் பார்த்து, மெதுவா வேகமா என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தால் 14 தடவையில் குற்றவாளி பிடிபடும். தடவைக்கு ஒரு ரீபூட் உண்டு. எங்கள் பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் அது 14 டீ.